தீயும் திறவாக் கதவும்

நம் நாட்டுச் செய்தித்தாள்களில் தொழிலிடத் தீ பற்றிய செய்தி பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் முடிவதைக் காணலாம். தீ எங்கே மூண்டது, எத்தனை இலட்சம் ரூபாய் பெறுமதியான பொருள் எரிந்தது, தீயணைப்புப் படையினர் எத்தனை மணிநேரம் போராடினர் என்பவற்றைக் கூறியபின், மின்னொழுக்கே காரணமெனச் சந்தேகிக்கப்படுகிறது என்ற வாக்கியத்துடன் விடயம் முற்றுப்பெறும். அந்த ஒழுக்கு ஏன் நேர்ந்தது, பழைய கம்பியை மாற்றியிருக்கவேண்டியவர் யார், மாற்றாமல் விட்டதனால் பணம் மிச்சப்படுத்தியவர் யார், உள்ளே இருந்தவர்கள் ஏன் வெளியேற முடியாமற் போயிற்று ஆகிய வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. ‘விபத்து’ என்ற ஒரே சொல் இவையனைத்தையும் மூடிவிடுகிறது.

தொழில் செய்யுமிடத்தில் மூளும் தீயில் மனிதர் மாள்வது தற்செயலன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். பொறி விழுவது ஒரு கணத்தில் நிகழக்கூடும். ஆனால், அப்பொறி விழுமிடத்தில் எரியக்கூடிய பொருளைக் குவித்து வைப்பதும், தப்பும் வழியை அடைப்பதும், அணைக்கும் கருவியைப் பழுதாக விடுவதும் ஒரு கணத்தில் நிகழ்வன அல்ல. அவை மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக, கணக்குப் புத்தகத்தை முன்வைத்து எடுக்கப்படும் முடிவுகள். முடிவெடுப்போர் ஒருவர், அதன் பயனை உடலால் அனுபவிப்போர் வேறொருவர். விபத்து என்னும் சொல் முன்னவரைக் காப்பாற்றுவதற்கே பெரிதும் உதவுகிறது.

கண்டியில் வாழும் நமக்கு இதற்கு உதாரணம் தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. ஹந்தானை மலையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் அருங்காட்சியகமாக இருந்துவருகிறது. நம்மைக் காணவரும் உறவினரையும் நண்பரையும் நாம் அங்கு அழைத்துச் செல்கிறோம். பழைய இயந்திரங்களைக் கண்டு வியக்கிறோம். அத்தகைய கட்டடத்தைத் தீயை மனத்திற்கொண்டு பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை எனக் கண்டியைச் சூழவுள்ள மலைகளிலே இன்றும் இயங்கும் பழைய தொழிற்சாலைகளும் ஏறத்தாழ இதே வார்ப்பில் அமைந்தவை. கீழ்த்தளத்திலே விறகு எரியும் உலை. அதன் வெப்பக் காற்றால் தேயிலையை உலர்த்தும் இயந்திரம். மேற்றளங்களிலே கொழுந்து வாட்டும் மாடிகள்; பல இடங்களில் மரத்தளம், மரப்படி, மரவளை. கீழேயுள்ள வெப்பக் காற்று மேலே செல்வதற்கென்றே கட்டடத்தில் வழி விடப்பட்டிருக்கும். காற்றுக்கு விட்ட அவ்வழி புகைக்கும் தீக்கும் பொதுவழியாகும் என்பதை அறியப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை.

உலர்த்தும் இயந்திரத்துள் செல்லும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 100 பாகை செல்சியசை எட்டும். வெளிவரும் தேயிலையில் எஞ்சும் ஈரம் மூன்று வீதமளவே. அதாவது, நன்கு காய்ந்த சருகினும் எளிதிற் பற்றக்கூடிய பொருளையே தொழிற்சாலை இரவு பகலாக உற்பத்தி செய்கிறது. இயந்திரத்தின் மூலைகளிலே தங்கிவிட்ட தூள் மீண்டும் மீண்டும் வெப்பமேறிக் கருகித் தணலாகும். உலையின் குழாயிலே வெடிப்பு ஏற்படின் விறகுப் பொறி நேரே தேயிலை மீது பாயும். தேயிலை அரிக்கும் அறையிலிருந்து பறக்கும் பஞ்சு போன்ற மெல்லிய தூசி வளைகளின் மீதும் மின்மோட்டாரின் மீதும் விளக்கின் மீதும் படிந்து கிடக்கும். ஓரிடத்தில் பற்றிய தீயை மறுகோடிவரை எடுத்துச் செல்லும் திரி இதுவே. இவற்றுள் எதுவும் இரகசியமன்று. நீண்டகாலம் தொழில் பார்த்த எந்த டீமேக்கரும், உலைக்கு விறகிடும் எந்தத் தொழிலாளியும் அறிந்தவையே. எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் தீ மூளும் என்பது பாடசாலைப் பாடம். மூன்றும் ஒரே கூரையின்கீழ் எக்கணமும் ஆயத்தமாய் நிற்குமிடத்திலே தீ மூண்டபின், அதனை எதிர்பாராதது என்று கூறுவது அறியாமையாகாது, பொய்யாகும்.

தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்பது நிருவாகங்களின் வழமையான மறுமொழி. அவன் தூசியைக் கூட்டவில்லை. அவன் பீடியை அணைக்கவில்லை. அவன் இயந்திரத்தின் அருகில் நிற்காது அயர்ந்துவிட்டான். வாதத்திற்காக இவற்றை ஏற்றுக்கொள்வோம். கொழுந்து மிகும் மாதங்களில் இரவு வேலைக்கு எத்தனை பேர் நிறுத்தப்படுகின்றனர்? தூசி கூட்டுவதற்கென இயந்திரத்தை நிறுத்த நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா? அயர்ந்தவன் எத்தனையாவது மணிநேரத்தில் அயர்ந்தான்? மனிதன் ஒருமுறையேனும் கவனம் பிசகுவான் என்பது எந்தத் தொழிலிலும் உறுதி. அப்பிசகு மரணமாகாதபடி இடத்தை அமைப்பதே பாதுகாப்பு எனப்படும். ஒரு தொழிலாளியின் ஒரு கணப் பிசகினால் முழுக் கட்டடமும் எரியுமாயின், குற்றம் பிசகியவனைச் சார்ந்ததைவிட, பிசகுக்கு இடமே வைக்காது கட்டிய ஏற்பாட்டைச் சார்ந்ததாகும்.

சட்டம் இல்லாமையினால் இந்நிலை நேர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் இந்நாட்டில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. தீ மூண்டால் தப்பிச் செல்வதற்கான வழிகள் இருத்தல் வேண்டும், உள்ளே ஆட்கள் இருக்கும்போது கதவுகள் உடனே திறக்கக்கூடியனவாக இருத்தல் வேண்டும் என்ற அடிப்படை நியதிகளை அது தன்னுள் கொண்டுள்ளது. சட்டம் பிறந்த அதே ஆண்டிலேதான் இலங்கைப் பல்கலைக்கழகமும் பிறந்தது என்பது நம் கவனத்திற்குரியது. பின்னது 1952இல் பேராதனைக்கு வந்து, பல்கிப் பெருகி, பீடங்கள் பல கண்டது. முன்னதோ தொழில் திணைக்களத்தின் பரிசோதக அதிகாரி வரும் நாளில் மட்டும் நினைவுகூரப்படும் ஒன்றாகப் பல இடங்களில் நின்றுவிட்டது. அதிகாரி வரும் நாளன்று தூசி கூட்டப்படும். கதவின் முன்னாலிருந்த பெட்டிகள் அகற்றப்படும். மறுநாள் அவை தம் இடத்திற்குத் திரும்பிவிடும்.

மேலும், தொழிற்சாலை எனச் சட்டம் வரையறுக்கும் இடத்திற்கு வெளியே உழைப்போரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கண்டி நகரின் கொழும்பு வீதியிலும் யட்டிநுவர வீதியிலும் காசில் வீதியிலும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் கடைகளைக் கவனித்தால் இது விளங்கும். முகப்பு அகலம் சில அடிகளே. உட்புறம் குகைபோல் நீளும். மேலே செல்வதற்கு ஒற்றைப் படி. அப்படியிலும் துணிக்கட்டுகளும் அட்டைப் பெட்டிகளும். முன்கதவு இரும்புச் சுருள். பின்கதவு இருப்பின் அதற்கும் பூட்டு. இங்கு வேலை செய்யும் இளைஞரும் பெண்களும் பெரும்பாலும் தோட்டங்களிலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள். இவர்களுக்கென உள்ள 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பெரும்பாலும் வேலைநேரம், விடுமுறை, சம்பளம் ஆகியவற்றையே பேசுவது. பேக்கரியின் போறணையருகே நிற்பவனுக்கும், சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் எரிவாயு அடுப்பருகே நிற்பவனுக்கும் தப்பும் வழி எது என்பதை முதலாளியின் மனச்சான்றே தீர்மானிக்கிறது.

கதவைப் பூட்டிவைப்பதற்குக் கூறப்படும் காரணம் உலகெங்கும் ஒன்றே: களவு. 1911 மார்ச் 25இல் நியூயோர்க் நகரின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம் பெண்கள். ஒன்பதாம் மாடியில் படிக்குச் செல்லும் கதவுகளுள் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. முதலாளிகள் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். காப்புறுதிப் பணமும் பெற்றனர். வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு 1914இல் உயிரொன்றுக்கு 75 டொலர் வீதமே கிடைத்தது. நூறாண்டு கழிந்தபின் நம் அயலிலே அதே கதை மும்முறை நிகழ்ந்தது. 2012 செப்டெம்பர் 5இல் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசுத் தொழிற்சாலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதே மாதம் 11ஆம் நாள் கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் 250க்கும் மேற்பட்டோர். சன்னல்களுக்கு இரும்புக் கம்பி, கதவுகளுக்குப் பூட்டு. நவம்பர் 24இல் டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் தொழிற்சாலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர். அங்கே அபாய மணி ஒலித்தபின்னும் வேலைக்குத் திரும்புமாறு மேற்பார்வையாளர் பணித்தனர். ஒரு சட்டையைக் களவிலிருந்து காப்பதற்கு மனிதரைப் பணயம் வைக்கும் இக்கணக்கை, நம் ஊரில் தேயிலைப் பொதியைக் காப்பதற்காகவோ புடவைக்கட்டைக் காப்பதற்காகவோ எவர் போட்டாலும் அது அதே கணக்குத்தான்.

கராச்சிச் சம்பவம் நமக்கு இன்னொரு வகையிலும் முக்கியமானது. அத்தீ கப்பம் கேட்டோரால் வேண்டுமென்றே மூட்டப்பட்டது என 2020இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குப் பின்னும் ஒரு வினா எஞ்சிநிற்கிறது. மூட்டியவர் எவராயினும், உள்ளிருந்தோர் ஏன் வெளியேற முடியவில்லை? தீக்குச் சில கிழமைகள் முன்னரே அத்தொழிற்சாலை பன்னாட்டுத் தரச்சான்றிதழ் ஒன்றைப் பெற்றிருந்தது என்பதையும் சேர்த்து நோக்குக. தீயை மூட்டியவன் யார் என்பது ஒரு வழக்கு; கதவைப் பூட்டியவன் யார் என்பது வேறொரு வழக்கு. முதலாவதன் ஆரவாரத்தில் இரண்டாவது மறைந்துவிடலாகாது.

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. இலங்கைத் தமிழருக்குத் தீ என்றவுடன் நினைவுக்கு வருவது வன்செயலே. 1977இலும் 1981இலும் 1983இலும் எரிந்தவற்றை நம் சமூகம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 1983 ஜூலையில் கண்டி நகரத் தெருக்களிலும் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. 2018 மார்ச்சில் திகனையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. இவ்வரலாற்றின் விளைவாக, வெளியிலிருந்து வீசப்படும் தீயையே நாம் தீயெனக் கொள்ளப் பழகிவிட்டோம். நம்மவர் நடத்தும் கடையிலும், நம்மவர் உழைக்கும் தொழிற்சாலையிலும், உள்ளேயிருந்து மூளக்கூடிய தீ நம் அரசியலுள் இடம்பெறவில்லை. அதைப் பேசினால் நம் இனத்து முதலாளியையும் நம் தொழிற்சங்கத் தலைவரையும் கேள்வி கேட்க நேரும் என்பதும் ஒரு காரணமாகலாம்.

தொழிற்சங்கங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தோட்டத் தொழிலாளரின் சம்பளப் போராட்டம் நியாயமானது. ஆயினும், கூட்டு ஒப்பந்தக் காலம் நெடுகிலும் ஒரு நாட்சம்பள எண்ணே போராட்டத்தின் முழு உருவமாகிவிட்டது. உயிரோடு வீடு திரும்புவது சம்பளத்திற்கு அப்பாற்பட்ட சலுகையன்று. உழைப்பு ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனை. 2022 ஜூனில் சர்வதேச தொழில் மாநாடு, பாதுகாப்பும் சுகாதாரமும் உடைய தொழிற்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அவ்வுரிமையைத் தேயிலைத் தொழிற்சாலையின் வாசலுக்குக் கொண்டுவரவேண்டியவர்கள் சங்கத்தார் அல்லவா?

தோட்டத்தைப் பொறுத்தவரை தொழிலிடம் தொழிற்சாலைச் சுவரோடு முடிவதுமில்லை. தொழிலாளியை லயத்திலே குடியேற்றியது தோட்டம், கட்டடம் தோட்டத்தினது. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்களின் இடைச்சுவர் பல லயங்களிற் கூரைவரை எழும்புவதில்லை. ஓர் அடுப்பிலோ ஒரு பழைய மின்கம்பியிலோ மூண்ட தீ, கூரையின் அடிப்புறமாக ஓடி முழு வரிசையையும் பற்றிக்கொள்கிறது. இடைச்சுவரைக் கூரைமட்டும் எழுப்பினால் தீ ஒரு வீட்டோடு நிற்க வாய்ப்புண்டு. செங்கல்லும் சாந்துமே தேவை. ஒரு நூற்றாண்டாக அது செய்யப்படாதிருப்பதற்குப் பெயர் விபத்தா?

உதவிக்கு வருவோர் யார் என்று பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். தீயணைப்புப் படை நம் நாட்டிற் பெரும்பாலும் மாநகர, நகர சபைகளின் சேவையாகவே வளர்ந்தது. கண்டி மாநகர சபைக்குப் படை உண்டு. ஆனால் தோட்டம் இருப்பது பிரதேச சபை எல்லையில். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கே நீண்டகாலம் தடையாக நின்றது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. முப்பதாண்டுக் காலம் வாக்கைப் பெற்றுக்கொண்டு சேவையை மறுத்த சட்டம் அது. இன்றும் நகரிலிருந்து புறப்படும் தீயணைப்பு வண்டி வளைந்தேறும் தோட்டப் பாதையைக் கடந்து சேருமுன் எரியக்கூடியது எரிந்துவிடும். ஆகவே, முதற் பத்து நிமிடம் தொழிலாளியின் கையிலேயே உள்ளது. அந்தப் பத்து நிமிடத்துக்கான கருவியும் பயிற்சியும் அதிகாரமும் அவனிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளனவா என்பதே அளவுகோல்.

அதிகாரம் என்ற சொல்லை ஆழ்ந்தே பயன்படுத்துகிறேன். புகையைக் கண்டவுடன் இயந்திரத்தையும் மின்விசிறியையும் நிறுத்தவும், சங்கை ஊதவும், ஆட்களை வெளியேற்றவும் ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு உரிமை இருத்தல் வேண்டும். துரைக்கு அறிவித்து அனுமதி வரும்வரை தீ காத்திருப்பதில்லை. மின்சாரத் தீயின் மீது நீரை வீசலாகாது, எரியும் எண்ணெயின் மீதும் வீசலாகாது, புகை நிறைந்த அறையிலே தாழ்ந்து ஊர்ந்து செல்லவேண்டும், தீப்புண்ணின் மீது பற்பசையோ எண்ணெயோ பூசாது குளிர்ந்த ஓடுநீரை இருபது நிமிடம் விடவேண்டும் என்பன உயிர்காக்கும் அறிவு. தொழிற்சாலைச் சுவரிலே தொங்கும் சிவப்புக் கருவியின் மீது இவ்வறிவு எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளது? பல இடங்களில் ஆங்கிலத்தில். சில இடங்களிற் சிங்களமும் சேர்ந்து. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அக்கருவியைக் கையிலெடுக்கப்போகும் மனிதனுக்கோ அவன் வாசிக்கும் மொழியில் மூன்று வரி கிடைப்பதில்லை. மொழியுரிமை மேடைக்குரிய பொருள் மட்டுமன்று. எரியும் அறையிலே அது மூச்சுக்குரிய பொருள்.

செலவு தாங்காது, தேயிலை விலை வீழ்ந்துள்ளது, நெருக்கினால் தொழிற்சாலை மூடப்படும், வேலையே போய்விடும் என்று சிலர் கூறுவர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கமுடியாது. வேலையிழப்பும் தொழிலாளிக்கு ஒருவகைத் தீயே. ஆயினும் செலவுப் பட்டியலை ஒழுங்காக எழுதிப்பார்ப்போம். தூசியை நாள்தோறும் கூட்ட எவ்வளவு? கதவின் முன்னுள்ள பொதியை அகற்ற எவ்வளவு? பூட்டைக் கழற்றி உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழை இட எவ்வளவு? மணல் வாளிக்கும், ஆண்டுக்கு இருமுறை அரைமணிநேர வெளியேறற் பயிற்சிக்கும் எவ்வளவு? உயிரைக் காக்கும் ஏற்பாடுகளுள் முதன்மையானவை மிக மலிவானவை. அவை செய்யப்படாமைக்குப் பணமின்மை காரணமாகாது. அவற்றைச் செய்யாததற்கு எவரும் விலை செலுத்தவேண்டியதில்லை என்பதே காரணம். கட்டடத்துக்கும் சரக்குக்கும் காப்புறுதி உண்டு. தொழிலாளியின் உயிருக்கோ 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் சம்பளத்தை வைத்தே விலை குறிக்கிறது. குறைந்த கூலி பெற்றவனின் உயிர் அட்டவணையிலும் குறைந்த விலையே பெறுகிறது.

மாற்றம் இயலாததன்று. 2013இல் ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபின், பங்களாதேசத்து ஆடைத் தொழிற்சாலைகளுக்கெனப் பன்னாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. சுயாதீனப் பொறியியலாளர் தொழிற்சாலைகளைப் பரிசோதித்தனர். அறிக்கைகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. பூட்டக்கூடிய கதவுகள் அகற்றப்பட்டன. நியூயோர்க்கிலும் 1911இன் பின் அமைக்கப்பட்ட ஆணைக்குழு பல புதிய தொழிற்சட்டங்களுக்கு வழிவகுத்தது. இரு இடத்திலும் மாற்றத்தைக் கொணர்ந்தது முதலாளிகளின் இரக்கமன்று. பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டிய தொழிலாளரும், அவர்களோடு நின்ற கற்றோருமே.

கற்றோர் என்னும்போது சுட்டுவிரல் நம்மை நோக்கித் திரும்புகிறது. பொறியியற் பீடமும் இரசாயனவியல் துறையும் சமூகவியல் துறையும் ஒரே வளாகத்தில் உள்ள பல்கலைக்கழகம் இது. சுற்றிலும் தேயிலைத் தொழிற்சாலைகள். ஒரு தொழிற்சாலைக்கு நான்கு மாணவர் சென்று, கதவுகளை எண்ணி, திறக்கின்றனவா எனத் தள்ளிப்பார்த்து, லயத்தின் இடைச்சுவரை அளந்து, கண்டதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வெளியிடுவது அரிய ஆய்வன்று. தொழிலாளி வாசிக்கக்கூடிய பதினாறு பக்கக் கைந்நூல் ஒன்றைத் தமிழிற் செய்வது தமிழ்ச் சங்கத்தின் வருடாந்தப் பணிகளுள் ஒன்றாகலாம். சங்க இலக்கியத்திற் காட்டுத்தீ பற்றிய உவமைகளைத் தொகுப்பதற்கு நமக்கு நேரம் கிடைக்கிறதெனில் இதற்கும் கிடைக்கும். முதலில் நம் ஆய்வுகூடத்தின் பின்கதவையும், நூலகத்தின் பக்கக் கதவையும், விடுதியின் இரவுப் பூட்டையும் பரிசோதித்துத் தொடங்குவோம். தன் கதவைத் திறக்காதவன் பிறர் கதவைத் தட்டும் தகுதியை இழக்கிறான்.

இனி எங்கேனும் தொழிலிடமொன்றிலே தீ மூண்ட செய்தி வரும்போது நாம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு. எரியக்கூடிய பொருளை அங்கே சேரவிட்டவர் யார்? கதவைப் பூட்டியவர் யார்? பரிசோதித்துக் கையொப்பமிட்டவர் யார்? உள்ளிருந்தோருக்கு அவர்தம் மொழியிலே எதுவும் கற்பிக்கப்பட்டிருந்ததா? இந்நான்கிற்கும் விடை கிடைக்கும்வரை விபத்து என்ற சொல்லை எழுத மறுப்போம்; எழுதுவோரையும் எழுத விடாது மறுப்போம்.